ஏழாவது வீட்டுக் கதவு

போன வாரம் ஊர்ல இல்லாதவங்க, இந்தப் பத்திரிகை கைக்குக் கிடைக்காதவங்க, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டுத் திரும்ப வாங்க முடியாதவங்க எல்லாருக்கும் சுருக்கமா சொல்லிடறேன். அப்புறம் நடுவுல நிறுத்தி, "யாரு இது, எதுக்கு இப்படிக் கத்துது"ன்னு கேக்கக் கூடாது.

நான் வீடியோ கேம் பண்ற ஒரு கம்பெனியில தலைமை டெஸ்டர். கேம் கடைக்குப் போறதுக்கு முன்னாடி விளையாடிப் பார்த்து, எங்க உடையுது, எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்கறது என் வேலை. "நாள் முழுக்க விளையாடறதுக்கா சம்பளம்?"னு கேக்காத சொந்தக்காரங்களே எனக்குக் கிடையாது. ஒரே சுவத்துல நானூறு தடவை முட்டிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

என் வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான். கேமை முடிச்சுக் கொடுக்கற பொறுப்பு அவருது. எதைக் கேட்டாலும் "தேதி என்ன?"ன்னு ஆரம்பிக்கறதால ஆபீஸ்ல அவர் பேரே தேதி சார்.

வீட்டுல அவங்க அம்மா, எனக்கு அத்தை. ஒன்பது வருஷமா டிவியில ஓடற நர்சக்கா தொடரை ஒரு நாள் விடாம பார்த்தவங்க. அந்த நர்சக்காவைத்தான் நாங்க இப்ப கேம் ஆக்கிட்டு இருக்கோம். வர்ற வெள்ளிக்கிழமை தொடர் முடியுது, அன்னைக்கே கேம் கடைக்கு வரணும்.

"நிஜமான நேயர் ஒருத்தர் விளையாடிப் பார்த்துச் சொல்லணும்"னு சேனல்காரங்க கேட்டாங்களாம். இவர் பாட்டுக்கு ஒரு பிரதியைத் தூக்கிட்டுப் போய் அவங்க அம்மா மடியில வச்சுட்டார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. போன வாரம் நான் அந்தக் கடுப்புல இருந்தப்பதான் பக்கம் தீர்ந்து போச்சு.

கடுப்பு இன்னும் தீரல. கேளுங்க.

புதன்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சேனலுக்கு ஒரு படிவம் போகணும். 'முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் விளையாடிப் பார்த்தேன், எங்கேயும் நிக்கல'ன்னு என் பேர்ல, என் பாஸ்வேர்டு போட்டு நான் ஒப்புதல் கொடுக்கணும். அது இல்லாம கேம் எங்க வாசலைத் தாண்டாது.

எங்கேயும் நிக்கலையாம்! ஏழாவது வீட்டு வாசல்ல கல்லு மாதிரி நிக்குது.

காலையில பதினோரு மணிக்கு, கேம்ல வர்ற கதவெல்லாம் செஞ்ச பொண்ணைப் பிடிச்சு உக்கார வச்சேன். ஆபீஸ்ல அவளைக் கதவுக்காரின்னுதான் கூப்பிடுவோம். பாவம், மூணு நாளா தூங்கின முகமே இல்ல.

"ஏழாவது வீடு ஏன்டி திறக்க மாட்டேங்குது?"

"உள்ள ஒண்ணுமே இல்லக்கா. அறை கட்டறதுக்கு நேரம் கொடுக்கல. கதவை மட்டும் வரைஞ்சு வச்சிருக்கேன். நர்சக்கா தட்டின உடனே எட்டாவது வீட்டுக்குக் கொண்டுபோய் விடற மாதிரி பண்ணியிருக்கேன்."

"விடலையே!"

"அவசரமா ஓடி வந்தா விடுதுக்கா. ஆறு வீட்டுலயும் நோயாளிங்க பேசறதை முழுசா கேட்டுட்டு வந்தா மட்டும்தான் விட மாட்டேங்குது. எங்க மாட்டுதுன்னு தேடிட்டே இருக்கேன்."

அதாவது, நோயாளி வாயைத் திறக்கும்போதே பட்டனைத் தட்டித் தாண்டி ஓடறவனுக்கு வழி உண்டு. பொறுமையா உக்காந்து, "எங்க வலிக்குது, எப்போலேர்ந்து வலிக்குது"ன்னு கேட்டுட்டு வர்றவங்களுக்கு வழி கிடையாது. எங்க டெஸ்ட் பசங்க எல்லாரும் ஓடற ஜாதி, அதனால இத்தனை நாளா யாரும் மாட்டல. போன வாரம் நான்தான் முதல் முதல்ல முழுசா கேட்டேன், மாட்டினேன்.

அதுல இன்னொரு கொடுமை. நடுவுல சேமிச்சு வைக்கற வசதியும் கிடையாது. மாட்டினா அணைச்சுட்டு முதல் வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கணும்.

தேதி சாரைத் தேடிப் பிடிச்சேன். மீட்டிங் ரூம்ல ஒரு பெரிய அட்டவணைக்கு முன்னாடி நின்னுட்டு இருந்தார்.

"ஏழாவது வீடு சரியாகற வரைக்கும் நான் ஒப்புதல் கொடுக்க மாட்டேன்."

"பேச்சை முழுசா எவன் கேக்கப் போறான்?"ன்னார், திரும்பிக்கூடப் பார்க்காம.

"நர்சக்கா பார்க்கறவங்க கேப்பாங்க. ஒன்பது வருஷமா வேற என்ன பண்ணாங்க?"

"வெள்ளிக்கிழமை வெளிய வரட்டும். அடுத்த வாரம் ஒரு திருத்தம் விட்டா போச்சு. இன்டர்நெட்ல தானா இறங்கிக்கும்."

"இதுக்குன்னே முதல் தடவையா கேம் பெட்டி வாங்கப் போற அம்மாக்கள் வீட்டுல தானா இறங்குமா? பிளக்கைக் குத்தறதுக்கே மருமகன் வரணும். கதவு திறக்கலேன்னா அவங்க உங்களைத் திட்ட மாட்டாங்க, 'நமக்குத்தான் தெரியல'ன்னு தன்னையே திட்டிக்குவாங்க. அதுதான் எனக்கு வயிறு எரியுது."

"தொடரைப் பார்த்தவங்க எப்படியும் வாங்குவாங்க. நல்லா இருக்கணும்னு அவசியமே இல்ல." இதைச் சொன்னது எங்க முதலாளி இல்லைங்க, நான் கழுத்தை நீட்டின மனுஷன்!

சினிமாவையும் டிவியையும் வச்சுப் பண்ற கேம் ஏதாவது உருப்படியா இருக்கான்னு எங்கிட்ட பலபேர் கேட்டிருக்காங்க. பதிமூணு வருஷத்துல பதினாலு டெஸ்ட் பண்ணியிருக்கேன். அதுல பதிமூணு குப்பை. "கதை வேற, விளையாட்டு வேற, ரெண்டும் ஒட்டாது"ன்னு மேதாவிங்க விளக்கம் கொடுப்பாங்க. பெரிய புடலங்கா விளக்கம்! ஒட்டறதுக்கு யாரு விட்டா? படம் வர்ற தேதி முதல்லயே முடிவாயிடும். கேம்காரனைக் கடைசியில கூப்பிட்டு, "ஆறு மாசத்துல கொடு"ன்னு கழுத்துல கத்தி வைப்பாங்க. அவன் ஏற்கெனவே வச்சிருக்கற ஓட்டம், தாவல், துப்பாக்கியை எடுத்து, மேல கதாநாயகன் முகத்தை ஒட்டி அனுப்பிடுவான். மிச்சம் ஒண்ணு நல்லா இருந்ததே, அதுக்கு நாலு வருஷம் கொடுத்திருந்தாங்க, தேதியே சொல்லல. அவ்வளவுதான் ரகசியம்.

நர்சக்காவும் நல்லா வந்திருக்க வேண்டியதுதான். அந்தத் தொடர் பார்க்காதவங்களுக்குச் சொல்றேன். அவ வீடு வீடா போற நர்ஸ். ரெண்டு தட்டு தட்டுவா, அப்புறம் அசையாம நிப்பா. மூணாவது தட்டு தட்டினதே கிடையாது. "உள்ள இருக்கறவங்க எந்திரிச்சு வர்றதுக்கு நேரம் வேணும்"பா. அந்த நேரத்துல உள்ள கேக்கற சத்தத்தை வச்சே யாருக்கு என்னன்னு பாதி தெரிஞ்சுக்குவா.

கேமோட முதல் வடிவத்துல அதேதான் இருந்தது. தட்டிட்டு நிக்கணும், காதைக் கொடுத்துக் கேக்கணும். இருமலா, நாற்காலி நகர்ற சத்தமா, யாராவது மூக்கை உறிஞ்சறாங்களா? கேட்டதை வச்சு உள்ள போனதும் என்ன பேசணும்னு நாமதான் தீர்மானிக்கணும். நான் டெஸ்ட் பண்றதையே மறந்து விளையாடினேன். அந்த யோசனை யாரோடது தெரியுமா? இதே தேதி சாரோடது. அப்போ அவர் கண்ணுல ஒரு வெளிச்சம் இருந்தது.

முதலாளி வந்து பார்த்தார். "சும்மா நிக்கறதுக்கா ஒருத்தன் கேம் வாங்குவான்?"னு கேட்டார். இவர் "இல்ல சார்"னுட்டார். அடுத்த நாளே நர்சக்கா தெருவுல ஓடி ஓடி மருந்து பாட்டில் பொறுக்க ஆரம்பிச்சுட்டா. ஒன்பது வருஷத்துல அந்தப் பொம்பளை ஓடினதை யாரு பார்த்தாங்க, சொல்லுங்க?

மத்தியானம் ரெண்டு மணிக்கு இவரே என் மேஜைக்கு வந்தார். முகமெல்லாம் பல்லு.

"அம்மா போன் பண்ணாங்க. ஏழாவது வீட்டுக்கு வந்துட்டாங்களாம். ஒரு குறையும் சொல்லல. பிரமாதம்கறாங்க!"

"எத்தனை மணிக்கு வந்தாங்களாம்?"

"பதினோரு மணிக்குன்னு நினைக்கறேன்."

மணியைப் பார்த்தேன். பையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன். "எங்க போறே?"ன்னு பின்னாலேயே கத்தினார். பதில் சொன்னா கெட்ட வார்த்தைதான் வரும்னு வாயை மூடிட்டு நடந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தா, ஹால்ல திரைச்சீலையெல்லாம் இழுத்து விட்டிருக்கு. அத்தை டிவிக்கு முன்னாடி முக்காலியில நிமிர்ந்து உக்காந்திருக்காங்க. கண்ட்ரோலர் ரெண்டு கையிலயும். மத்தியானச் சாப்பாடு மூடி வச்சது வச்சபடி இருக்கு. திரையில நர்சக்கா, அவளுக்கு எதிர்ல பச்சைக் கதவு.

"அத்தை..."

"உஷ்! சத்தம் போடாதம்மா. உள்ள ஆள் இருக்கு."

"எப்போலேர்ந்து இப்படி உக்காந்திருக்கீங்க?"

"அது ஆச்சு. நீ கேளு, இப்ப வரும் பாரு."

கேட்டேன். கிரீச்சுன்னு ஒரு சத்தம், அப்புறம் மெத்துன்னு ஒரு சத்தம். எனக்கு அது மனப்பாடம். எல்லா வாசல்லயும் பின்னால ஓட விடற சத்தம், நாற்பது நொடிக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும்.

"வயசானவர்"னு அத்தை மெதுவா சொன்னாங்க. "நாற்காலியிலேர்ந்து எந்திரிக்கப் பார்க்கறார். முடியல, திரும்ப உக்காந்துடறார். காலையிலேர்ந்து இதே பாடு. தனியாத்தான் இருக்கணும், வேற ஆள் இருந்தா வந்து திறந்திருக்காதா? குரல் கொடுக்க வெக்கப்படறார் போல."

நான் பக்கத்துல தரையில உக்காந்துட்டேன்.

"பாத்ரூம் போகக்கூட ஓட்டமா போயிட்டு வந்தேன்"னாங்க. "அந்த நேரம் பார்த்துத் திறந்துட்டார்னா? வாசல்ல ஆள் இல்லேன்னு நினைச்சுக்குவாரே."

"இன்னொரு தடவை தட்டிப் பார்த்தீங்களா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க. "அவ என்னைக்கு மூணாவது தட்டு தட்டினா?"

அப்புறம் அவங்களே சிரிச்சுக்கிட்டாங்க. "ஒன்பது வருஷம் அவ தட்டறதை உக்காந்து பார்த்தேன். இன்னைக்கு நானே தட்டினேன்மா. அது வேற மாதிரி இருக்கு. உள்ள என்ன இருக்கோன்னு நமக்கே நெஞ்சு அடிச்சுக்குது. டிவியில இது கிடைக்காது."

பதிமூணு வருஷமா ஒருத்தரும் எனக்குச் சொல்லாத பதில் அது. சினிமாவை, தொடரை ஏன் கேம் ஆக்கணும்னு கேட்டா இதுக்காகத்தான் ஆக்கணும். இதை நாங்க செஞ்சிருக்க முடியும், முதல்ல செஞ்சோம், அப்புறம் நாங்களே வெட்டித் தூக்கிப் போட்டோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"அத்தை, அந்தக் கதவு திறக்காது."

"ஏன்?"

"உள்ள அறையே கட்டல. வெறும் கதவுதான்."

அவங்க கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "அப்ப அந்தப் பெரியவர்?"

"பெரியவர் இல்ல அத்தை."

"நாற்காலி?"

"அதுவும் இல்ல. சத்தத்தை மட்டும் ஓட விட்டிருக்கோம்."

கண்ட்ரோலரை மடியில வச்சாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன். ஓடி வந்தா எட்டாவது வீட்டுக்கு விடும், நின்னு கேட்டு வந்தா விடாதுங்கறதையும் சொன்னேன். ஒளிச்சு என்ன ஆகப்போகுது?

"இரு இரு. ஆறு வீட்டுலயும் நான் ஒழுங்கா கேட்டேன். அதுக்குத்தான் இந்தத் தண்டனையா?"

"ஆமா."

"அவங்களைப் பேச விடாம ஓடி வந்திருந்தா இந்நேரம் தாண்ட விட்டிருப்பீங்க?"

"ஆமா அத்தை."

"நல்லா இருக்குடி உங்க நியாயம்!" பதினோரு வருஷத்துல எங்கிட்ட டி போட்டது அதுதான் முதல் தடவை. "ரெண்டு மணி வாக்குல எனக்கே ஒரு சந்தேகம் வந்துச்சு. நமக்குத்தான் விளையாடத் தெரியலையோ, படிச்சவங்க செஞ்சது தப்பாவா இருக்கும்னு. அதான் அவனுக்குப் போன் பண்ணி நல்லா இருக்குன்னு சொன்னேன். நாலாவது மாடிக்காரி இந்தக் கேமுக்குச் சொல்லி வச்சிருக்கா, லிப்ட் பக்கத்து வீட்டம்மா சொல்லி வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை அத்தனை பேரும் என்னை மாதிரி உக்காந்து, நமக்கு அறிவில்லைன்னு நினைக்கணுமா?"

இவருக்குப் போன் போட்டேன். உங்க அம்மா மூணு மணி நேரமா சாப்பிடாம, இல்லாத ஒரு ஆளுக்காக வாசல்ல காத்துக்கிட்டு இருக்காங்கன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு வச்சுட்டேன். வெக்கப்பட்டு ஓடி வருவார்னு நினைச்சேன். என் புத்தியைச் சொல்லணும்.

அஞ்சரை மணிக்கு வந்தார். வெக்கமாவது ஒண்ணாவது, துள்ளிக்கிட்டு வந்தார்.

"அம்மா! மூணு மணி நேரம் உக்காந்தீங்களாமே! முதலாளிகிட்ட சொன்னேன், அவருக்குத் தலைகால் புரியல. பெட்டி மேலயே போடலாம்கறார். 'நர்சக்கா போலவே காத்திருங்கள்'னு. அது கோளாறே இல்லையாம், சிறப்பு அம்சமாம்!"

அத்தை எந்திரிச்சாங்க. முக்காலி பின்னால சாஞ்சு விழுந்தது.

"யாரு காதுலடா பூ சுத்தறே? அவ காத்திருந்தா ஒரு மனுஷன் வந்து திறப்பான். அதுக்குப் பேரு காத்திருக்கறது. நீ என்னை மூடின சுவத்துக்கு முன்னாடி உக்கார வச்சுட்டுக் கைதட்டச் சொல்றியா?"

"அம்மா, அது வந்து..."

"நான் அந்த மனுஷனுக்காகக் கவலைப்பட்டேன்டா. காலையிலேர்ந்து நிஜமா கவலைப்பட்டேன்." டிவியைக் கையால காட்டினாங்க. "பெத்த அம்மாவை வச்சு வேடிக்கை பார்க்க உனக்கு எப்படி மனசு வந்தது?"

அவர் முகத்துல இருந்த பல்லெல்லாம் உள்ள போச்சு. நான் மணியைப் பார்த்தேன். அஞ்சு நாற்பது.

"தெளிவா கேட்டுக்கோங்க"ன்னேன். "அந்தப் படிவத்துல நான் ஒப்புதல் கொடுக்கப் போறதில்ல. ஆறு மணி ஆனாலும் சரி, என் வேலை போனாலும் சரி."

இவர் வாதாடல. பதினோரு வருஷக் குடித்தனத்துல இவர் வாதாடாம நின்னு நான் பார்த்ததில்ல.

"கொடுக்க வேண்டாம்"னார்.

"வேண்டாம்னா?"

"போயாச்சு. காலையில பத்து மணிக்கே போயாச்சு."

"யாரு ஒப்புதல்ல?"

தரையைப் பார்த்தார்.

"என் பாஸ்வேர்டு போட்டீங்களா?"

ஆமான்னு தலையை ஆட்டினார். புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன ஒளிவு மறைவுன்னு அதை அவருக்குச் சொல்லி வச்சதே நான்தான்.

"அப்ப பதினோரு மணிக்கு மீட்டிங் ரூம்ல எங்கூட சண்டை போட்டீங்களே, அது எதுக்கு?"

"நீ சரின்னு சொல்லிட்டா, நான் பண்ணது தப்பாகாதுன்னு நினைச்சேன்." சட்டை நுனியைத் திருகினார். "வெள்ளிக்கிழமை விட்டுப் போச்சுன்னா கம்பெனியை மூடிடுவேன்னு முதலாளி சொல்லிட்டார். இருபத்திரண்டு பேர். கதவுக்காரியும் அதுல ஒருத்தி. நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

அந்த இருபத்திரண்டு பேர் முகமும் தெரியாமலா இருக்கு? தினமும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறவங்க. ஆனா, வெள்ளிக்கிழமை ஆயிரமாயிரம் வீட்டுல ஆயிரமாயிரம் அம்மாக்கள் அந்தக் கதவுக்கு முன்னாடி உக்காரப் போறாங்க. கேம் நிக்காதுன்னு அவங்களுக்குச் சத்தியம் பண்ணினது யாருன்னு பார்த்தா, நான்.

போனை எடுத்தேன்.

"யாருக்கு?"ன்னார். தெரிஞ்சே கேட்டார். "வேண்டாம். நாளைக்கு நான் நேர்ல போய்ப் பேசறேன். உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். இதுல என் வேலை மட்டும் இல்ல, போலீஸ் வரைக்கும் போகும்."

அத்தையைப் பார்த்தேன். அவங்க பெத்த பிள்ளை. 'வேண்டாம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போனைக் கீழ வச்சிருப்பேன்னுதான் நினைக்கறேன். அவங்க விழுந்து கிடந்த முக்காலியை எடுத்து நிமிர்த்தி, டிவியை அணைச்சுட்டு, முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க.

சேனல்ல படிவம் வாங்கற மேடம் உடனே எடுத்தாங்க. "அட, உங்களையே கூப்பிடணும்னு இருந்தேன்! காலையிலேயே அனுப்பிட்டீங்களே. ரொம்ப சந்தோஷம். கடைசி வரைக்கும் ஒரு கோளாறும் இல்லையாமே?"

இவர் என் மணிக்கட்டைப் பிடிச்சார். நான் உதறினேன்.

"மேடம், அந்தப் படிவத்தை அனுப்பினது நான் இல்ல. என் வீட்டுக்காரர்."